பாட்டுப் புத்தகத்தில் இடம்பெறாத இசை: எல். வைத்தியநாதனை முன்வைத்து

(தாம்பரத்தில், தமிழ்த்துறை ஒன்றின் அழைப்பில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் பாடிக் காட்டிய இடங்களும் கிளைக்கதைகள் சிலவும் அச்சுக்காக நீக்கப்பட்டுள்ளன.)



தமிழ்த்துறை அறக்கட்டளையில் சினிமா இசையைப் பற்றிப் பேசலாமா என்று அழைப்பு வந்தபோதே கேட்டுவிட்டேன். ‘தாராளமாகப் பேசுங்கள், இளையராஜாவா ரகுமானா என்று பட்டிமன்றம் மட்டும் வேண்டாம்’ என்றார் துறைத்தலைவர். அந்தப் பட்டிமன்றத்தில் எனக்கும் ஆர்வமில்லை. இரண்டு பேருக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள், வாதாட ஆள் இருக்கிறது. வாதாட ஆளில்லாத ஒருவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

எல். வைத்தியநாதன். சற்றுமுன் இந்தப் பெயரைச் சொன்னபோது முன்வரிசையில் நாலைந்து பேர் தலையசைத்தீர்கள். ‘மால்குடி டேஸ்’ தொடரின் முகப்பு மெட்டை முணுமுணுத்துக் காட்டியதும் பின்வரிசை வரை சிரிப்பு பரவியது. அந்தத் தொடர் முதலில் ஒளிபரப்பானபோது பிறந்தேயிராத பிள்ளைகளும் சிரித்தார்கள். மெட்டு தெரிகிறது, ஆள் தெரியவில்லை. இது மறதியால் நேர்ந்தது இல்லை என்பது என் கட்சி. நாம் வரலாறு எழுதுகிற முறையிலேயே இதற்குக் காரணம் இருக்கிறது.

தமிழ்த் திரையிசை வரலாறு என்று நாம் எழுதி வைத்திருப்பது, இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் விற்பனையான பாட்டுகளின் வரலாறு. கடைக்கு வராத இசை அதில் சேரவில்லை. காட்சிக்கு அடியில் ஓடிய இசை, தொடரின் முகப்பில் அரை நிமிடம் வந்து போன இசை, பாட்டே இல்லாத படத்தின் இசை எல்லாம் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. வைத்தியநாதன் தம் சிறந்த வேலையை அந்த வெளியிடத்தில்தான் செய்தார். அவர் வாழ்க்கையைத் தொடர்ந்து போனால் நம் கணக்கு எங்கெங்கே ஓட்டையாக இருக்கிறது என்பது தெரியும்.

1. வயலின் வீட்டு மூத்த பிள்ளை

1942இல் சென்னையில் பிறந்தார். தந்தை வி. லட்சுமிநாராயணா வயலின் வித்துவான், தாய் சீதாலட்சுமியும் இசை கற்றவர். தந்தைக்கு யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியர் பணி அமைந்ததால் குடும்பம் அங்கே வாழ்ந்தது. 1958 இனக்கலவரம் அந்த வாழ்க்கையை முடித்துவைத்தது. குடும்பம் சென்னைக்குத் திரும்பியது.

லட்சுமிநாராயணாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கச்சேரி மேடையில் வயலின் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் தொடர்ந்து போகிற வாத்தியம். அது தனியாக நிற்க வேண்டும், உலக மேடைகளில் தனிக் கச்சேரி செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார். மூன்று பிள்ளைகளுக்கும் அந்த நோக்கத்தோடுதான் கற்றுக்கொடுத்தார். நடுப்பிள்ளை எல். சுப்பிரமணியம் உலகம் சுற்றிய தனி வயலின் கலைஞர் ஆனார். இளையவர் எல். சங்கர் எழுபதுகளில் ஜான் மெக்லாக்லினோடு சேர்ந்து ‘சக்தி’ குழுவில் வாசித்தார். மூத்தவர் கோடம்பாக்கத்துக்குப் போனார்.

‘தம்பிமார் உயர்ந்தார்கள், அண்ணன் சினிமாவில் சிக்கினார்’ என்று இதை வாசிப்பது எளிது. சபா வட்டாரங்களில் அப்படிப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் தம்பிகளையும் சினிமா விடவில்லை. மீரா நாயரின் ‘சலாம் பாம்பே’ (1988) படத்துக்கு இசை சுப்பிரமணியம். மார்ட்டின் ஸ்கார்செசியின் ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்’ படத்துக்காகப் பீட்டர் கேப்ரியல் அமைத்த இசையில் சங்கரின் வயலின் கேட்கிறது. ஆக, மூன்று பேரும் சினிமாவுக்கு வாசித்தவர்கள்தான். மூத்தவர் ஒருவர்தான் அதையே தொழிலாகக் கொண்டார். பக்கவாத்தியமாக இருக்கக் கூடாது என்று தந்தை வளர்த்த பிள்ளை, படத்துக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதையே தன் கலையாக்கிக்கொண்டார். இதில் எனக்குத் தோல்வி எதுவும் தெரியவில்லை.

2. உதவியாளர் என்கிற பள்ளிக்கூடம்

வைத்தியநாதன் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கன்னடத்தில் ராஜ்குமார் படங்களுக்கு இசையமைத்துப் பெரும்பெயர் பெற்றவர் வெங்கடேஷ். அதே கூடத்தில் கிதார் வாசித்துக்கொண்டும் உதவி செய்துகொண்டும் இருந்த இன்னொரு இளைஞரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது, அந்த இளைஞர் இளையராஜா ஆனார்.

உதவியாளரின் வேலை என்ன என்பதை மாணவர்களுக்காகச் சொல்கிறேன். இசையமைப்பாளர் ஹார்மோனியத்தில் மெட்டைப் பிடிப்பார். அதை எழுத்தில் இறக்குவது, எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும் என்று பிரிப்பது, வாத்தியக்காரர்களுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுப்பது, பதிவின்போது கையசைத்து நடத்துவது எல்லாம் உதவியாளர் தலையில். அன்று பாடகர், கோரஸ், வயலின் வரிசை, தபேலா எல்லாரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். ஒருவர் தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வாத்தியக்காரர்களுக்கும் இந்த ஊர்ப் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. தாம்பரம் – கடற்கரை மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. கோடம்பாக்கம் அந்தத் தடத்திலேயே இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் வாடகை மலிவு என்று குடியிருந்த வாத்தியக்காரர்கள் காலை கால்ஷீட்டுக்கு வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போன ரயில் அது. அவர்களுடைய பெயரும் எந்தத் தட்டிலும் இல்லை.

பாட்டுப் பதிவு ஒரு வேலை. காட்சிக்குப் பின்னணி இசை சேர்க்கிற ரீ-ரெக்கார்டிங் முற்றிலும் வேறு வேலை. ஆயிரம் அடி ரீல் திரையில் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும், நொடிக்கு 24 சட்டகம். திரையில் ரீலைப் போட்டுப் பார்க்கிறார்கள். கதவு திறக்கும் இடம், ஒருத்தி திரும்பிப் பார்க்கும் இடம், கண்ணீர் வரும் இடம் எல்லாவற்றையும் நொடிக்கணக்கில் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த நொடிகளுக்குள் அடங்குகிற மாதிரி இசை எழுத வேண்டும். பாட்டுக்குப் படம் காத்திருக்கும், ஆடும், சுற்றி வரும். இங்கே இசைதான் காத்திருக்க வேண்டும். எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளும் இடம் இது. அந்தப் பாடத்தை வைத்தியநாதன் அளவுக்குக் கற்றவர்கள் குறைவு.

3. மூன்று மொழியில் கால்கால் ஆள்

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சேர்த்து 170க்கு மேற்பட்ட படங்கள் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. கன்னடத்தில் காசிநாத் இயக்கிய ‘அபரிசிதா’ (1978) அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. அங்கே பாவகீதங்களுக்குப் பேர்போன சி. அஸ்வத்தோடு சேர்ந்து ‘அஸ்வத் – வைதி’ என்ற இரட்டைப் பெயரில் பல படங்களுக்கு இசையமைத்தார். நம் ஊரில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி என்று சொல்கிற மாதிரி, கன்னட ரசிகர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். ‘வைதி’ என்பது சென்னைக்காரர் என்பது பலருக்கு நினைவில் இராது.

இதில் நம் வரலாற்றெழுத்தின் முதல் ஓட்டை தெரிகிறது. சினிமா வரலாற்றை மொழிவாரியாக எழுதுகிறோம். கூடம் ஒன்று, வாத்தியக்காரர்கள் ஒரே ஆட்கள், இசையமைப்பாளர் ஒரே மனிதர். படம் எந்த மொழியோ அந்த மொழிக்காரர் தம் பங்கை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறார். கன்னட வரலாற்றில் பாதி வைதி, தமிழ் வரலாற்றில் கால் வைத்தியநாதன், தெலுங்கில் இன்னொரு துண்டு. முழு ஆளை யாரும் பார்த்ததில்லை.

4. விதிவிலக்கு: ‘ஏழாவது மனிதன்’

கடைக்கு வந்த இசையும் அவரிடம் உண்டு. 1982 பாரதி நூற்றாண்டு. கே. ஹரிஹரன் இயக்கி, பாளை என். சண்முகம் தயாரித்த ‘ஏழாவது மனிதன்’ அந்தக் காலகட்டத்தில் வந்தது. ரகுவரனுக்கு அது முதல் படம். சிமென்ட் ஆலைப் புகையில் மூச்சுத் திணறும் ஊரின் கதை. பாட்டுகள் அத்தனையும் பாரதியாருடையவை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. யேசுதாஸ் பாடிய ‘காக்கைச் சிறகினிலே’ இன்றும் பள்ளி விழாக்களிலும் கல்யாண மேடைகளிலும் கேட்கிறது. பாரதியின் கொள்ளுப்பேரன் ராஜ்குமார் பாரதியும் அந்தப் படத்தில் பாடினார்.

பாரதிக்கு மெட்டமைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேடைக் கச்சேரிகளிலும் அதற்கு முந்தைய படங்களிலும் அவர் பாட்டுகளுக்குப் பழகிய மெட்டுகள் உண்டு. கேட்பவர் காதில் அவை ஊறிப்போயிருக்கும். புது மெட்டுப் போடுகிறவர் அந்தக் காதோடு மல்லுக்கட்ட வேண்டும். வைத்தியநாதன் மல்லுக்கட்டவில்லை. பக்திப் பாட்டுக்குரிய வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு, ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற தொனிக்குக் கொண்டுவந்தார். ரீ-ரெக்கார்டிங்கில் பழகிய கைதான் இதைச் செய்தது என்பேன்.

இந்தக் கேசட் விற்றது, வானொலியில் ஓடியது. அப்படியிருந்தும் பாட்டு பாரதி பாட்டாகவும் யேசுதாஸ் பாட்டாகவும்தான் நினைவில் நிற்கிறது. விதிவிலக்கும் அவருக்குப் பாதிதான் கைகொடுத்தது.

5. பேசாத படத்தில் என்ன செய்வது?

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன்.

1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய படம். கன்னடத்தில் ‘புஷ்பக விமான’, தமிழில் ‘பேசும் படம்’. கமல்ஹாசன், அமலா நடித்தார்கள். வசனமே கிடையாது. வசனம் இல்லையென்றால் பாட்டும் இல்லை. தமிழ்ப் படம் பேசத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, வாய் திறக்காத ஒரு படத்துக்கு இசையமைக்கும் வேலை வைத்தியநாதனிடம் வந்தது.

இப்படி ஒரு படம் கைக்கு வந்தால் இசையமைப்பாளருக்கு இரண்டு சபலங்கள் வரும். ஒன்று, மௌனப்படக் காலத்துக் கொட்டகையில் ஹார்மோனியக்காரர் செய்த மாதிரி, முதல் காட்சியிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் வாசித்துத் தள்ளுவது. மற்றது, கார்ட்டூனில் போல நடிகர் காலெடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு ‘டிங்’, விழுந்தால் ஒரு ‘டமால்’. நகைச்சுவைப் படம் என்பதால் இரண்டாவது சபலம் பெரியது.

‘பேசும் படம்’ பெரும்பாலும் இரண்டுக்கும் இடங்கொடுக்காமல் தப்பித்தது. அதற்குக் காரணம், அந்தப் படம் மௌனப்படம் இல்லை. ஆட்கள் பேசாத ஒலிப்படம். தெருச் சத்தம், வண்டிச் சத்தம், தண்ணீர்ச் சத்தம் எல்லாம் அதில் உண்டு. ஒரு காட்சியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். வேலையில்லாப் பட்டதாரியான கதாநாயகன் மொட்டைமாடி அறை ஒன்றில் குடியிருக்கிறான். பக்கத்தில் சினிமாக் கொட்டகை. இரவெல்லாம் அங்கிருந்து சண்டைச் சத்தமும் கூச்சலும் வரும், அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவன். சந்தர்ப்பவசத்தால் ஒரு பணக்காரனின் இடத்தில் நட்சத்திர ஓட்டல் அறைக்குக் குடிபுகுகிறான். மெத்தை, குளிர்பதனம், நிசப்தம். தூக்கம் வரவில்லை. கடைசியில் பழைய இடத்துக்கே போய் அந்தச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து எடுத்து வந்து, ஓட்டல் அறையில் ஓடவிட்டுத் தூங்குகிறான்.

வறுமையிலிருந்து வசதிக்கு வந்தவனின் மனநிலையை வசனத்தில் சொல்வதென்றால் ஒரு பக்கம் எழுத வேண்டும். இங்கே ஒலியே சொல்லிவிடுகிறது. இந்த மாதிரி இடத்தில் சோக வயலினை நுழைத்தால் காட்சி செத்துவிடும். சண்டைக் கூச்சலே தாலாட்டாக இருக்கும்போது இன்னொரு தாலாட்டு எதற்கு? எங்கே வாசிப்பது என்ற கேள்விக்கு முன்னால், எங்கே ஒதுங்கி நிற்பது என்ற கேள்வி இந்தப் படம் முழுக்க வந்துகொண்டே இருந்திருக்கும். அமலாவும் கமலும் ஜன்னலுக்கு ஜன்னல் பார்வையில் பேசிக்கொள்ளும் காட்சிகளில் இசை முன்னால் வருகிறது. பார்வை சொல்வதைத் தாண்டி அது எதையும் கூட்டிச் சொல்வதில்லை.

இந்தப் படத்துக்குப் பாட்டுப் புத்தகம் போட முடியாது. இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் அறிவிப்பாளர் ‘படம், பாடியவர், இசை’ என்று மூன்றையும் சொல்வார். பாட்டே இல்லாத படத்துக்கு அந்த அறிவிப்பும் இல்லை. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியில் அதற்கு இடமில்லை. ஓர் இசையமைப்பாளர் பெயர் மக்கள் காதுக்குப் போகும் வழிகள் அத்தனையும் பாட்டின் வழியாகவே போயின. இந்தியாவெங்கும் கொண்டாடப்பட்ட ஒரு படத்தின் இசை, இசை ரசிகர்களின் பேச்சுக்குள்ளேயே வரவில்லை.

6. மால்குடியும் தாம்பரத்து ஆன்டெனாவும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982இல் வண்ணமும் தேசிய ஒளிபரப்பும் வந்தன. 1984இல் ‘ஹம் லோக்’ தொடங்கியதும் தொடர் என்கிற வடிவம் இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது. மேற்குத் தாம்பரத்திலும் சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் வீட்டு மாடிகளில் அலுமினிய ஆன்டெனா முளைத்த காலம். காற்றடித்தால் படம் ஆடும். ஒரு பிள்ளை மாடியில் கம்பத்தைத் திருப்பும், இன்னொன்று வாசலில் நின்று ‘போதும், போதும், ஐயோ போச்சு’ என்று கத்தும். ஒரு தெருவில் ஒரு பெட்டி, திண்ணை வரை கூட்டம்.

தேசிய ஒளிபரப்பு இந்தியில். இங்கே விமானப்படைக் குடியிருப்பும் ரயில்வே குடியிருப்பும் இருந்ததால், தெருவில் இந்தி தெரிந்த ஒரு வீடாவது இருக்கும். அந்த வீட்டு மாமி இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம் சுருக்கிச் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே பார்த்தது இந்தப் பகுதியின் தொலைக்காட்சி வரலாறு. இந்தி எதிர்ப்பில் கொடி பிடித்தவர்களின் வீட்டிலும் பெட்டி ஓடியது. அந்தக் கதைக்கு இன்னொரு சொற்பொழிவு வேண்டும்.

1986இல் ‘மால்குடி டேஸ்’ வந்தது. ஆர்.கே. நாராயண் 1906இல் நம் புரசைவாக்கத்தில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர். எழுதியது ஆங்கிலத்தில். இயக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக், தயாரித்தவர் டி.எஸ். நரசிம்மன். படமெடுத்தது பெரும்பாலும் மலைநாட்டில், ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயில். தம்பி ஆர்.கே. லட்சுமணின் கோட்டோவியங்கள் முகப்பில். நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது இந்தியில். கதையின் ஊரோ எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர்.

இத்தனை மொழி குழம்பிய ஒன்றுக்கு முகப்பிசை என்ன மொழியில் இருக்க முடியும்? இந்திப் பாட்டு போட்டால் தெற்கத்தி ஊர் கெட்டுவிடும். கர்நாடக இசைக் கீர்த்தனைச் சாயலில் போட்டால் வடக்கே புரியாது. ஆங்கிலக் கதைக்கு மேற்கத்திய இசை போட்டால் கதையில் வரும் சிறுவன் ஸ்வாமிக்கும் அவன் பாட்டிக்கும் பொருந்தாது. வைத்தியநாதன் சொல்லையே எடுத்துவிட்டார். ‘தானா நா, தன நா நா’ என்று ஒரு குரல். அவ்வளவுதான். வயல் வேலையிலும் கும்மியிலும் நம் ஆட்கள் அடியெடுத்துக் கொடுக்கிற ‘தன்னானே’ குடும்பத்தைச் சேர்ந்தது அது. கர்நாடகத்துக் கிராமத்திலும் ஆந்திரத்திலும் அந்தக் குடும்பத்துக்கு உறவினர் உண்டு. ஏறிப் போகிற வித்தை ஏதும் அதில் கிடையாது. முதல் தரம் கேட்ட ஐந்து வயதுக் குழந்தை இரண்டாம் தரம் சேர்ந்து பாடிவிடும்.

வயலினில் ஊறிய குடும்பத்து மனிதர் தம் பெயரை நிலைநாட்டுகிற இசைக்கு வயலினை முன்னால் நிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். தந்தை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

முகப்பிசையின் வேலை, பார்ப்பவரை உட்காரவைப்பது மட்டுமில்லை. அன்றைய வீடுகளில் அது அழைப்பு மணி. சமையற்கட்டில் இருப்பவர், கிணற்றடியில் இருப்பவர், எதிர் வீட்டுக்காரர் எல்லாரும் அந்த ஒலி கேட்டுத்தான் ஓடி வருவார்கள். படத்தைப் பார்க்காமலே கேட்கிற இசை அது. சுவர் தாண்டிப் போக வேண்டும், அடுத்த வீட்டுக் குக்கர் விசிலையும் மீறிக் கேட்க வேண்டும். அரங்கத்துக்காக எழுதிய ரீ-ரெக்கார்டிங்குக்கு இந்தக் கவலை கிடையாது. சினிமாவில் வளர்ந்த ஒருவர் தொலைக்காட்சி வேறு ஊடகம் என்பதை 1986லேயே புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார்.

அந்த வாய்ப்பு நீடித்தது கொஞ்ச காலம்தான். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. நெடுந்தொடர்கள் வந்தன. முகப்பிசை முகப்புப் பாட்டாக மாறியது. 1999இல் தொடங்கிய ‘சித்தி’க்கு வைரமுத்து எழுத, தினா இசையமைக்க, நித்யஸ்ரீ மகாதேவன் பாடினார், தமிழ்நாடே பாடியது. அது நல்ல பாட்டு. ஆனால் அங்கேயும் பாட்டுதான் வென்றது. சொல் இல்லாத முகப்பிசை தூர்தர்ஷன் காலத்தோடு ஒதுங்கிக்கொண்டது.

7. பாட்டு வேண்டாம் என்ற இயக்குநர்கள்

‘மால்குடி டேஸ்’ தொடருக்குப் பிறகு வந்த இரண்டு படங்களைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். 1989இல் பாலுமகேந்திராவின் ‘சந்தியா ராகம்’, தூர்தர்ஷனிலும் பார்த்திருப்பீர்கள். மனைவியை இழந்து, நகரத்து உறவினர் வீட்டுக்கு வந்து பாரமாகிப்போகும் முதியவராகச் சொக்கலிங்க பாகவதர். அடுத்து, இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ நாவலை வைத்து கே.எஸ். சேதுமாதவன் எடுத்த ‘மறுபக்கம்’. இந்தியாவின் சிறந்த படம் என்ற தங்கத் தாமரை விருதைத் தமிழுக்கு முதலில் கொண்டுவந்த படம். இரண்டுக்கும் இசை வைத்தியநாதன்.

இந்த வட்டத்து இயக்குநர்கள் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் இருக்கிறது. படத்துக்குப் பணம் குறைவு, வாத்தியக்காரர்கள் குறைவு, பாட்டு வேண்டாம் என்ற பிடிவாதம் வேறு. பெரிய இசையமைப்பாளருக்கு இது இறங்கி வருவதாக இருக்கும். இவருக்கு இது இயல்பான இடம். பாலுமகேந்திரா இதற்கு முந்தைய ஆண்டு எடுத்த ‘வீடு’ படத்தில், 1986இல் இசைத்தட்டாக வெளிவந்த இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ இசையை எடுத்துப் பயன்படுத்தினார். அந்த இசை தனியாக விற்றது, அதனால் இன்றுவரை பேசப்படுகிறது. ‘சந்தியா ராக’த்தின் இசை அந்தப் படத்துக்காக மட்டும் எழுதப்பட்டது, அதனால் அந்தப் படத்தோடு தங்கிவிட்டது. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு நான் போகவில்லை. ஒன்றுக்கு முகவரி இருந்தது, மற்றதற்கு இல்லை.

8. எதிர்க்கேள்வி ஒன்று

‘இளையராஜாவின் பி.ஜி.எம். தொகுப்புகளை லட்சக்கணக்கானோர் கேட்கிறார்களே, பின்னணி இசைக்கு மதிப்பில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ இடைவேளையிலேயே ஒரு மாணவி என்னைப் பிடித்துக் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தொகுப்புகளைச் செய்கிற ரசிகர்களுக்கு நான் கடன்பட்டவன்; பல்கலைக்கழகங்கள் செய்யாததை அவர்கள் செய்கிறார்கள். ஆனால் பாட்டால் ஏற்கெனவே நிலைபெற்ற பெயருக்குப் பின்னால்தான் அந்தத் தேடல் போகிறது. அதே காலத்தில் ‘அச்சமில்லை அச்சமில்லை’ (1984) செய்துவிட்டு, பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ தொடருக்கும் இசையமைத்த வி.எஸ். நரசிம்மனுக்கு அப்படியொரு தொகுப்பைத் தேடினால் எத்தனை கிடைக்கும்? இளையராஜாவின் வயலின் வரிசைக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

வெளியே பார்த்தால் வேறு வழக்கங்களும் உண்டு. பம்பாயில் ஷியாம் பெனகல் படங்களுக்கு இசையமைத்த வன்ராஜ் பாட்டியா, ‘தமஸ்’ இசைக்குத் தேசிய விருதும் 2012இல் பத்மஸ்ரீயும் பெற்றார். ‘தமஸ்’ தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. பிலிப்பைன்ஸில் ரயன் கயாப்யாப் என்பவர் சினிமா, நாடகம், தொலைக்காட்சி மூன்றிலும் வேலை செய்தவர். தம் பெயரிலேயே தொலைக்காட்சி இசை நிகழ்ச்சி நடத்தியவர். அந்த நாடு 2018இல் அவருக்குத் தேசியக் கலைஞர் என்ற மிக உயர்ந்த பட்டத்தைக் கொடுத்தது. தொலைக்காட்சிக்கு இசையமைத்தவர் என்பதால் ஒரு படி குறைத்துப் பார்க்கவில்லை. வைத்தியநாதனுக்குக் கலைமாமணி கிடைத்தது. 2007 மே 19 அன்று சென்னையில் காலமானார். இரங்கல் குறிப்புகள் பெரும்பாலும் ‘மால்குடி டேஸ் புகழ்’ என்றுதான் தொடங்கின.

9. செய்ய வேண்டிய வேலை

துறைக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டு முடிக்கிறேன். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இங்கிருந்து தூரமில்லை. பழைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. முதலில் அங்கே போய் வைத்தியநாதன் பெயர் வரும் இடங்களையெல்லாம் எடுங்கள். கிடைப்பது அவருடைய வேலையில் சிறுபகுதியாக இருக்கும். எதெல்லாம் அங்கே இல்லை என்பதுதான் உங்கள் ஆய்வின் தொடக்கம். பிறகு கன்னடம் தெரிந்த மாணவர் ஒருவரையும் தெலுங்கு தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு முழுப் பட்டியல் போடுங்கள். அவரோடு பதிவுக் கூடத்தில் வாசித்தவர்கள் இன்னும் இந்தப் புறநகர்களில் இருக்கிறார்கள். பலருக்கு வயது எண்பதைத் தொடுகிறது. பட்டியலுக்கு முன்பே அவர்களைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

படங்களைப் பார்க்கும்போது ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: நேரம், திரையில் கேட்கும் சத்தம், இசை. மூன்றாம் கட்டம் காலியாக இருக்கும் இடங்களையும் எழுதுங்கள், அவற்றையும் ஒருவர் யோசித்துத்தான் காலியாக விட்டிருக்கிறார். ‘பேசும் படம்’ எளிதாகக் கிடைக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம். படம் தொடங்கியதும் அந்தக் குடியிருப்பில் குளியலறைக்கு வரிசையில் நிற்கிறார்கள் பாருங்கள், அங்கேயே பேனாவைத் திறந்துவிடுங்கள்.